பொட்டலம் போட்ட குட்டிகள்

அக்காளுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை என்று முடிவானதும், அக்காள் மகள் ஆறு வாரம் தங்குவதற்காகத் தையல்காரியின் வீட்டுக்கு வந்தாள். பதினைந்து வயது. முதுகில் ஒரு பை. இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்த ஒரு கூண்டு. மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு அடங்கும் முன்பே வாசலில் நின்று கேட்டாள்.

"சித்தி, உங்க வீட்டுல வெயில் நேரா விழாத எடம் எது? டிவி பக்கத்துலயும் இருக்கக் கூடாது."

"மொதல்ல நீ உள்ள வா. தண்ணி குடி."

"இத வச்சுட்டுக் குடிக்கிறேன்."

கூண்டுக்குள் தேன் நிறத்தில் ஒரு ஹாம்ஸ்டர் சுருண்டு கிடந்தது. தீனியைக் கன்னப் பைகளில் அடைத்து மூட்டை கட்டிக்கொண்டு மூலைக்கு ஓடுவதால் அதற்குப் பொட்டலம் என்று பெயர். ஆஸ்பத்திரியில் படுக்கப்போகிற தாய், மகள் தனியாகத் தவிக்கக் கூடாதே என்று இரண்டு நாளைக்கு முன் வாங்கிக் கொடுத்தது. ஆண் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றிருந்தார்.

தையல்காரியின் கணவர் கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பவர். எல்லோருக்கும் பெயிண்டர். அவர் குனிந்து கூண்டைப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்:

"எலிக்கு மருந்து வச்ச வீடு இது. இப்ப எலிக்கு எடம் பாக்கணுமாம்."

"எலி இல்ல சித்தப்பா, ஹாம்ஸ்டர்."

"சரி. படிச்ச எலி."

ஒன்பது வயது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடப் பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். வந்தவளுக்குப் பெயர் மிளகு. பிறந்தபோது அத்தனை சிறிதாக இருந்தாளாம்.

பிறந்தபோது அவளை முதலில் கையில் வாங்கியவள் தையல்காரிதான். ஏனென்றால் மிளகு அவள் பெற்ற பிள்ளை. கைக்குழந்தையாக அக்காளிடம் போனவள் அங்கேயே வளர்ந்தாள். பெரியம்மா மகளும் அக்காதான், கூடப் பிறந்தவளும் அக்காதான். அதனால் வாலு அவளை "அக்கா" என்று கூப்பிடுவதில் ஒரு பொய்யும் இல்லை. பெரியவர்கள் மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசாமலேயே காலத்தை ஓட்டிவிட்டார்கள். மிளகுக்கு எதுவும் தெரியாது என்றே தையல்காரி நினைத்திருந்தாள்.

தையல்காரி என்றால் கடை வைத்திருப்பவள் அல்ல. ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், துணியறையில் வேலை. நடுவில் நைந்த படுக்கை விரிப்புகளை நீளவாக்கில் வெட்டி, தேயாத ஓரங்களை நடுவே கொண்டுவந்து மூட்டுவாள். அதற்கும் தாங்காதவை தலையணை உறையாகும். உறையும் நைந்தால் பிரசவ வார்டில் குழந்தை சுற்றும் துணியாகும். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு மெஷின், கஞ்சி வாடை. பதினாறு வருடம்.

மிளகு வந்த மூன்றாம் நாள், துணியறையிலிருந்து தையல்காரி ஒரு பை நிறைய வெள்ளைப் பஞ்சு கேட்டு வாங்கி வந்தாள். பொட்டலம் படுக்க மெத்தென்று இருக்கும் என்று நினைப்பு. மிளகு பையைத் திறந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடினாள்.

"வேணாம் சித்தி. பஞ்சு இழை கால்ல சுத்திக்கும். ரத்தம் ஓடாம காலே அழுகிடும். முழுங்கினா குடல் அடைச்சுக்கும். டிஷ்யூ பேப்பரக் கிழிச்சுப் போட்டாப் போதும்."

"நல்லதுன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே தையல்காரிக்கு முகம் சுருங்கிப்போனது. பஞ்சுப் பையை மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்தச் சின்ன உயிருக்கு எத்தனை வேலை என்று வீட்டுக்கு மெல்லத்தான் தெரிந்தது. சூரியகாந்தி விதை அளவாகத்தான் கொடுக்க வேண்டும். அதிகமானால் கொழுத்து ஈரல் கெடும். முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடிக்கக் கட்டை வேண்டும். நனைந்த மூலையை நாள்தோறும் வழித்தெடுக்க வேண்டும். சக்கரம் கம்பியாக இருந்தால் கால் மாட்டிக்கொள்ளும் என்று மூடிய சக்கரம் வாங்கினார்கள். அது ஹாம்ஸ்டரைவிட விலை. இரவெல்லாம் அதில் ஓடிவிட்டுப் பகலெல்லாம் பொட்டலம் தூங்கும்.

"நான் நாலு மாடி சுவர் அடிச்சாக்கூட இப்படி ஓட மாட்டேன்," என்றார் பெயிண்டர். "எங்கதான் போகுதாம்?"

இரண்டாம் வாரம் அவர்தான் முதலில் கவனித்தார்.

"படிச்ச எலிக்கு வயிறு ஒரு தினுசா இருக்கே. பக்கவாட்டுல பாரு."

மிளகு கூண்டை வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தாள். கட்டியாக இருக்குமோ என்று பயந்தாள். தையல்காரி அரை நாள் விடுப்புப் போட்டு, இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு மிருக டாக்டரிடம் போனாள். அந்த அம்மாள் பொட்டலத்தை ஒரு கையில் மல்லாத்தி, ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆணுன்னு சொன்னானா கடைக்காரன்? இது பொண்ணு. கடையிலேயே சினையாகித்தான் வந்திருக்கு. இன்னும் மூணு நாலு நாள்ல குட்டி போட்டுடும்."

வாலு துள்ளிக் குதித்தாள். டாக்டர் அவளைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"குதிக்காத, கேளு. போட்டதும் யாரும் கைய உள்ள விடக் கூடாது. ரெண்டு வாரம் எடத்தச் சுத்தம் பண்ணக் கூடாது. தண்ணி தீரவே கூடாது. தெனம் கொஞ்சம் வேகவச்ச முட்டை. பெரிய எடமா மாத்தணும்னா இன்னைக்கே மாத்திடுங்க. மொதல் பிரசவம் வேற. அது பயந்துட்டாலோ, இத்தனையும் வளக்க முடியாதுன்னு தோணிட்டாலோ, தின்னுடும்."

"எத?" என்றாள் வாலு.

"குட்டியத்தான்."

தையல்காரி பர்ஸைத் திறந்து பணம் கட்டினாள். ஹாம்ஸ்டர் விலையைப் போல மூன்று மடங்கு. மிளகு தன் பையிலிருந்து சில்லறையை எடுத்து நீட்டினாள்.

"அம்மா குடுத்தது. பாதி என்னோடது."

"உள்ள வை."

"என் பொட்டலம் சித்தி."

அவள் கண்ணில் இருந்த பிடிவாதத்தைப் பார்த்துத் தையல்காரி அந்தச் சில்லறையை வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலையே பெயிண்டர் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி வாங்கி வந்து, மூடியில் சதுரமாக வெட்டிக் கம்பி வலை பொருத்தினார். வெட்டிய ஓரம் உரசக் கூடாது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து மிளகு ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இடது கைப் பழக்கம் என்பதைத் தையல்காரி சமையலறையிலிருந்து பார்த்தாள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் குட்டிகள் வந்திருந்தன. எட்டு. உரித்த நிலக்கடலை அளவில், ரோமம் இல்லாமல், மூடிய இமைக்குள் கறுப்புப் புள்ளியாகக் கண். தோலுக்குள் பால் வெள்ளையாகத் தெரிந்தது. எத்தனையோ வருடமாகப் பிரசவ வார்டுக்குத் துணி தைத்து அனுப்பியவள், பிறந்த உயிரைக் கண்ணால் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு பெட்டியின் மேல் ஒரு பழைய விரிப்பைப் போர்த்தி, அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"யாரும் உள்ள போகக் கூடாது. மிளகு மட்டும் தண்ணி வைக்கலாம்."

மறுநாள் பிற்பகல் மிளகு குளிக்கப் போன நேரம் வாலு உள்ளே போனாள். மூடியைத் தூக்கினாள். பொட்டலம் தண்ணீர்ப் பக்கம் போயிருந்தது. ஒரு குட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பத்து எண்ணினாள். திரும்ப வைத்து மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் தண்ணீர் வைக்கப் போன மிளகு அப்படியே திரும்பி வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். "அஞ்சுதான் இருக்கு," என்றாள். தையல்காரி போய்ப் பார்த்தாள். ஐந்து குட்டிகள் கூட்டில் நெளிந்துகொண்டிருந்தன. டிஷ்யூ பேப்பரில் ஓரிடத்தில் சிவப்பாக ஊறியிருந்தது. பக்கத்தில் கிடந்த ஒன்றை முழுக் குட்டி என்றுகூடச் சொல்ல முடியாது. பொட்டலம் ஒன்றும் நடக்காதது போல் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

வாலு அழத் தொடங்கினாள். அழுகையைப் பார்த்ததுமே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"ஒரே ஒரு தடவ... பத்து எண்ற வரைக்கும்தான்..."

பெயிண்டர் அடிக்கக் கை ஓங்கினார். மிளகு நடுவில் வந்து நின்றாள்.

"அவள அடிக்காதீங்க. தின்னது அவ இல்ல."

அப்போதிருந்து அவள் பொட்டலத்தைத் தொடவில்லை. தீனி வைக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. குட்டிகளை வெளியே எடுத்து நானே பால் கொடுத்து வளர்க்கிறேன் என்றாள். தையல்காரி டாக்டருக்குப் போன் செய்தாள். அந்த வயதில் தாயைவிட்டு எடுத்தால் ஒன்றுகூட மிஞ்சாது, தாயை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஒன்றுதான் வழி என்றார் டாக்டர்.

"அப்ப நீங்களே பாத்துக்கோங்க," என்றாள் மிளகு. "நான் அதுக்குச் சோறு போட மாட்டேன்."

ஆகவே தையல்காரி பார்த்துக்கொண்டாள். வேலைக்குப் போகும் முன் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை. மூடியைச் சத்தமில்லாமல் நகர்த்தி, முட்டைத் துண்டையும் வெள்ளரித் துண்டையும் ஓரத்தில் வைத்துவிட்டு வருவாள். அருவருப்பாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை. பயமாகத்தான் இருந்தது.

நான்கு நாள் கழித்து ஒரு மாலை. வாலு கீழ் வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது. மிளகு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அதுக்கா?"

"ஆமா."

"மூணத் தின்னதுக்கு முட்டை வேற."

"அது தின்னாத்தான் மிச்சம் அஞ்சுக்கும் பால் சுரக்கும். டாக்டர் சொன்னாங்கல்ல."

"டாக்டர் இன்னொண்ணும் சொன்னாங்க. வளக்க முடியாதுன்னு தோணினா அப்படிச் செய்யும்னு." வெந்துகொண்டிருந்த முட்டையைப் பார்த்தாள். "உங்களுக்கும் அப்படித்தான் தோணுச்சா?"

"என்னது?"

"என் பிறப்புச் சான்றிதழ்ல அம்மா பேருன்னு போட்டு உங்க பேரு இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி பரீட்சைக்குப் பேரு குடுக்கணும்னு ஸ்கூல்ல கேட்டாங்க. அம்மா வீட்டுல இல்ல. நானே பீரோவத் தொறந்து எடுத்தேன்."

தையல்காரி அடுப்பை அணைத்தாள். கை தானாகத் துணியைத் தேடித் துடைத்துக்கொண்டது.

"அக்காகிட்ட கேட்டியா?"

"கேட்டா அவங்க அழுவாங்க. உங்ககிட்டயும் கேக்கக் கூடாதுன்னு நெனச்சுத்தான் வந்தேன்."

தையல்காரி கீழே தரையில் உட்கார்ந்தாள். மிளகு உட்காரவில்லை.

"உனக்கு அப்ப ஏழு மாசம். உங்க... அவரு சாரத்துல இருந்து விழுந்துட்டாரு. இடுப்பு நொறுங்கிப் போச்சு. பத்து மாசம் படுக்கை. புரட்டிப் போடக்கூட நான்தான். வேலைக்கும் போயாகணும். உன்ன மெஷினுக்குக் கீழ அழுக்குத்துணி மூட்டைமேல படுக்க வச்சுத் தச்சேன். ஆஸ்பத்திரித் துணி. ஒரு வாரத்துல உனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. அக்கா வந்தா. அவர் எழுந்து நடக்கற வரைக்கும் நான் வச்சுக்கிறேன்னா. அவளுக்குக் கொழந்த இல்ல. உன்னத் தூக்கிட்டுப் போனா."

"அப்புறம் நடந்தாரில்ல?"

"நடந்தாரு. உன்னக் கூட்டிட்டு வரதுக்கு பஸ் ஏறி வந்தேன். நீயும் நடந்துட்டிருந்த. என்னப் பாத்ததும் அக்கா கழுத்தக் கட்டிக்கிட்ட. நான் கைய நீட்டினா வீறிட்டுக் கத்தின. மூச்சே நின்னுடும்போல இருந்துச்சு. அக்கா ஒரு வார்த்த பேசல. உன் துணியெல்லாம் மடிச்சு ஒரு பையில வச்சிருந்தா. நான் அந்தப் பைய வாங்கல. சாயங்கால பஸ்ஸுல திரும்பிட்டேன்."

"அப்புறம்?"

"அடுத்த மாசம் போகலாம்னு நெனச்சேன். அப்புறம் அதுக்கு அடுத்த மாசம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இதவிடப் பெருசா ஒரு காரணம் இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

"வாலு பொறந்தப்பவாவது வந்திருக்கலாமே."

"அப்ப உனக்கு ஆறு வயசு. அக்காவ அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டிருந்த. வாலுவ நான் ஒரு நாள்கூட யார்கிட்டயும் விடல. அது நெசம். அத உன்கிட்ட மறைக்க முடியாது."

மிளகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டாள். அழவில்லை. தையல்காரிக்கு அவள் அழுதால் தேவலை என்றிருந்தது.

"உள்ள இருக்கறது பயந்துபோய்ச் செஞ்சுச்சு," என்றாள் தையல்காரி. "அதுக்கு ஒண்ணும் தெரியாது. அதோட என்னயும் சேத்துவச்சு நீ மன்னிச்சிடாத. நான் தெரிஞ்சுதான் திரும்பிப் போனேன்."

மிளகு அறைக்குப் போய்விட்டாள். முட்டை ஆறியது. தையல்காரி அதை உரித்து, நகம் அளவு வெட்டி, பெட்டியில் வைத்தாள்.

அதன்பின் ஒரு வாரம் மிளகு சாப்பிட்டாள், தூங்கினாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். வீட்டில் எல்லோரும் நுனிக்காலில் நடந்தார்கள். பெயிண்டருக்கு மனைவி விஷயத்தைச் சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பிரஷ்களை டர்பன்டைனில் கழுவிக்கொண்டிருந்தபோது, பால்கனியில் நின்ற மிளகிடம் தலை நிமிராமலே பேசினார்.

"அன்னைக்கு ரெண்டு அடி தள்ளிக் கால வச்சிருந்தா நீ இங்கதான் வளந்திருப்ப. அத நெனைக்காம நான் ஒரு நாளும் சாரம் ஏறினதில்ல."

மிளகு திரும்பி அவர் இடுப்பைப் பார்த்தாள். பிறகு, "இப்பவும் வலிக்குமா?" என்று கேட்டாள்.

"மழைக்கு மட்டும்."

அவள் உட்கார்ந்து ஒரு பிரஷ்ஷை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

வாலுவுக்கோ வேறு கவலை. அவள் சாப்பாட்டை ஒதுக்கினாள், கையை ஓயாமல் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒரு நாள் மிளகிடம் கேட்டே விட்டாள்.

"அக்கா, நான் தொட்டதாலதான குட்டி செத்துப்போச்சு?"

துணி மடித்துக்கொண்டிருந்த தையல்காரி கையை நிறுத்தினாள். மிளகு யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"அதனாலயும் இருக்கலாம். மொதல் தடவ போடுற ஹாம்ஸ்டர் யாரும் தொடாமலே தின்னுறதும் உண்டு. சரியா எதனாலன்னு நமக்குத் தெரியாது. நீ கெட்டதுக்குன்னு செய்யல. ஆனா சொன்னதக் கேக்கல. இனிமே கேளு."

"நீ என் கூட பேசுவியா?"

"பேசிட்டுத்தான இருக்கேன், லூசு."

அன்று மாலை தையல்காரி வேலையிலிருந்து வந்தபோது பெட்டியில் புதுத் தண்ணீர் இருந்தது. வெள்ளரித் துண்டும் வைத்திருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. முட்டை வேகவைப்பது மட்டும் அவள் வேலையாகவே நின்றது.

குட்டிகளுக்கு ரோமம் வந்தது. ஐந்தில் ஒன்று மட்டும் வளரவில்லை. மற்றவை பால் குடிக்கும்போது ஓரமாகத் தள்ளப்பட்டுக் கிடக்கும். கண் திறக்கும் முன்பே அது செத்துப்போனது. இந்த முறை பொட்டலம் அதைத் தின்னவில்லை. வாயில் கவ்விக் கொண்டுபோய்க் கூட்டுக்கு வெளியே வைத்திருந்தது. மிளகு அதை டிஷ்யூவில் எடுத்துக்கொண்டு வந்து தையல்காரியின் கையில் கொடுத்தாள். எடையே இல்லை. அப்போதுதான் மிளகு அழுதாள். தோளைத் தொடலாமா என்று தெரியாமல் தையல்காரி பக்கத்தில் நின்றாள், கடைசியில் தொடவில்லை. இரண்டு பேருமாகப் பால்கனித் தொட்டியில் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

மிஞ்சிய நான்கும் மூன்று வாரத்தில் பெட்டியைத் தலைகீழாக்கின. இனி ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும், ஆணையும் பெண்ணையும் பிரிக்காவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு எட்டு வரும் என்று டாக்டர் எச்சரித்தார். ஒவ்வொன்றுக்கும் வீடு தேட வேண்டும். தையல்காரி மருத்துவமனையில் சொல்லி வைத்தாள்; பெயிண்டர் தன் கூட்டாளிகளிடம் சொன்னார். கேட்டு வந்தவர்களைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து மிளகு கேள்வி கேட்டாள்.

"கூண்டு வாங்கியாச்சா? எவ்வளவு நீளம்? ஒடம்பு சரியில்லன்னா டாக்டர்கிட்ட காட்டுவீங்களா? அதுக்கு வாங்கின விலையவிட ஜாஸ்தி ஆகும், பரவாயில்லையா?"

"பொண்ணு குடுக்கறவங்ககூட இத்தன கேக்க மாட்டாங்க," என்றார் பெயிண்டரின் கூட்டாளி.

அவருக்கு ஒன்று கிடைத்தது. பிரசவ வார்டு நர்ஸுக்கு ஒன்று. அடிக்கடி வெளியூர் போகும் மருந்துக்கடைக்காரருக்குக் கிடைக்கவில்லை. அவர் இரண்டு முறை வந்து கெஞ்சியும் கிடைக்கவில்லை. மாடி வீட்டு டீச்சருக்கு ஒன்று. வாங்கிப்போனவர்கள் எல்லோரிடமும் வாசலில் வைத்து மிளகு ஒரே விஷயத்தைச் சொன்னாள்.

"ஒருவேள வச்சுக்க முடியலன்னா, வேற யார்கிட்டயும் குடுக்காதீங்க. என்கிட்ட சொல்லுங்க. நான் வந்து எடுத்துக்கிறேன்."

தையல்காரி அப்போதெல்லாம் சமையலறையிலேயே இருந்தாள்.

ஆறாவது வாரக் கடைசியில் அக்காள் வந்தாள். கைத்தடி ஊன்றி, படிக்குப் படி நின்று, மூன்று மாடியும் ஏறினாள். நாற்காலியில் உட்கார்ந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ புரிந்தது.

"சொல்லிட்டியாடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவளுக்கே தெரியும்கா. ரெண்டு வருஷமா."

அக்காள் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு வருஷமா என் கூடவே இருந்து..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. "நானே குடுத்திருக்கணும். நீ வந்த அன்னைக்கு. நீ பைய வாங்காமப் போனதும் எனக்கு மனசு குளுந்துடுச்சு. அந்தப் பாவம் எனக்கும் இருக்கு."

"அம்மா, நீ அழாத," என்றாள் மிளகு. "நான் எங்கயும் போகல. நம்ம வீட்டுக்குத்தான் வரேன்." பிறகு தையல்காரியின் பக்கம் திரும்பினாள். நிதானமான குரல், பலநாள் யோசித்து வைத்த பேச்சு. "கடைசிக் குட்டிய வாலுகிட்ட விடுறேன். ஆனா இவள நம்பி அப்படியே விட்டுட முடியாது. மாசக் கடைசி சனிக்கிழம நான் வந்து பாப்பேன். எடை போடணும், பல்லு பாக்கணும், நகம் பாக்கணும். வரலாமா?"

"வா," என்றாள் தையல்காரி.

மிளகு சொன்னபடி வந்தாள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வந்ததும் குட்டியைச் சமையல் தராசில் நிறுத்துவாள், வாலுவைத் திட்டுவாள், சாப்பிடுவாள், மாலை பஸ்ஸுக்குக் கிளம்புவாள். முதல் மாதம் பெயிண்டர் பஸ் நிலையம் வரை போய் ஏற்றிவிட்டார். இரண்டாம் மாதம் தையல்காரியும் கூடப் போனாள். வழியில் என்ன பேசுவது என்று தெரியாமல் கஞ்சி போட்ட விரிப்பை எப்படி மடிப்பது என்று பேசிக்கொண்டு போனாள். மிளகு கேட்டுக்கொண்டே நடந்தாள். பொட்டலம் நலம், தனிப் பெட்டியில் நன்றாக ஓடுகிறது என்றாள்.

ஐந்தாம் மாதம் வாலுவின் குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்தது. வால் பக்கம் எப்போதும் நனைந்தே கிடந்தது. தையல்காரி அன்றே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். சொன்ன மருந்தையெல்லாம் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். இரண்டு நாள் முழுக்க விடுப்பு. மூன்றாம் நாள் அது போய்விட்டது. இந்த நோய் வந்தால் அவ்வளவுதான், நீங்கள் தவறு ஒன்றும் செய்யவில்லை என்றார் டாக்டர். தையல்காரி போனில் மிளகிடம் சொன்னாள்.

"நான் பாத்துக்கிட்டேன் மிளகு. என்னால ஆனதெல்லாம் பாத்தேன்."

"தெரியும் சித்தி," என்றாள் அந்தப் பக்கம். "வாலு சாப்பிட்டாளா?"

பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்துப் பரணில் ஏற்றினார் பெயிண்டர். பார்க்க வருவதற்கு இனி எதுவும் இல்லை. மாதக் கடைசி நெருங்க நெருங்கத் தையல்காரி தன்னையே தேற்றிக்கொண்டாள். பரீட்சை நேரம், படிக்கட்டும். அக்காளுக்கு ஒத்தாசை வேண்டும். வராவிட்டால் அது தப்பில்லை. சனிக்கிழமை அவள் சமைத்தாள். எப்போதும்போல் ஒரு ஆளுக்குக் கூடுதலாகத்தான் அளந்தாள். பிறகு எடுத்துவிடலாமா என்று நினைத்து, எடுக்காமல் விட்டாள்.

பன்னிரண்டு மணிக்குப் படியில் காலடி கேட்டது. வாலு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

மிளகு உள்ளே வந்து பையை இறக்கினாள். அலமாரிக்குப் பக்கத்தில் பெட்டி இருந்த இடத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு பைக்குள்ளிருந்து பள்ளிக்கூடப் பேன்ட் ஒன்றை உதறி எடுத்தாள்.

"கணுக்காலுக்கு மேல போயிடுச்சு சித்தி. டெய்லர் கடையில இதுக்கு மேல எறக்க முடியாதுங்கறாங்க."

தையல்காரி வாங்கி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். உள்மடிப்பில் இரண்டு விரற்கடைத் துணி இருந்தது.

"யாரு சொன்னா முடியாதுன்னு? போட்டுட்டு வா. அளவு எடுக்கணும்."

அவள் அதைப் போட்டுக்கொண்டு வந்து ஜன்னலோரம் வெளிச்சத்தில் நின்றாள். தையல்காரி வாயில் இரண்டு ஊசியைக் கவ்விக்கொண்டு மண்டியிட்டு, அவள் குதிகால்வரை நாடாவை இழுத்துப் பிடித்தாள்.

"ஆடாம நில்லு."

"நின்னுட்டுத்தான் இருக்கேன்."